மூன்று பெடலும் ஒரு டம்ளர் தண்ணீரும்

பொதுமக்களிடமிருந்து மனு பெறப்பட்டால் முப்பது நாட்களுக்குள் மனுதாரருக்குப் பதில் அனுப்பப்பட வேண்டும். முடிவெடுக்கத் தாமதமாகும் என்றால் இடைக்காலப் பதிலாவது அனுப்பப்பட வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் இந்த விதியை மேற்கோள் காட்டிப் பிறருக்குக் குறிப்பாணை அனுப்பி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். விதியைப் பின்பற்றியவன் என்று சொல்லவில்லை. மேற்கோள் காட்டியவன் என்றுதான் சொல்கிறேன்.

நடந்தது சங்ககிரியில். தொடங்கியது சென்ற ஆண்டு மாசி மாதம். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, லாரிப் பட்டறைகள் முடிகிற இடத்தில் ஓர் ஓட்டுநர் குடும்பம் இருக்கிறது. அவருக்கு நாற்பது வயதிருக்கும். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, பஞ்சுப் பொதி ஏற்றிய லாரியின் மேலே ஏறி, தாழத் தொங்கிய மின்கம்பியை மூங்கிலால் தூக்கிப் பிடித்திருக்கிறார். வண்டி அடியில் நகர வேண்டும் என்பதற்காக எல்லா ஓட்டுநர்களும் செய்கிற வேலைதான். அன்று மூங்கில் மழையில் நனைந்திருந்தது. உயிர் தங்கியது; இரண்டு கைகளும் முழங்கைக்கு மேலோடு போய்விட்டன. மனைவி விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றும் வேலைக்குப் போகிறார். பிள்ளைகள் இல்லை.

ஓய்வுக்குப் பிறகு சிலர் செடி வளர்க்கிறார்கள், சிலர் கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுகிறார்கள். நான் தெருக்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். அப்படித்தான் அந்த அம்மாள் என்னிடம் வந்தார். "ஏனுங்க சார், அவருக்கு ஏதாச்சும் உபகரணம் குடுப்பாங்களாமா? ஒரு மனு எழுதிக் குடுங்க."

நான் காகிதக் கட்டோடு அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் ஆள் இல்லை. மனைவி உள்ளே பார்த்து இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் ஓட்டுநர் வெளியே வந்தார். யார் வந்தாலும் அவர் உள் அறைக்குள் போய்விடுவாராம். சொந்தக்காரர்கள் வந்தாலும் அப்படித்தானாம். உருவத்தைப் பார்த்துக் கூச்சப்படுகிறார் என்று நினைத்து, அதெல்லாம் கூடாது என்று நாலு வார்த்தை ஆறுதல் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"கூச்சமெல்லாம் இல்லீங்க சார். ஊட்டுக்கு வந்தவிங்களுக்கு ஒரு சொம்புத் தண்ணி எடுத்துக் குடுக்க முடியாதவன், முன்னால நின்னு 'வாங்க'ன்னு சொல்லி என்னுங்க பண்றது? காலால எல்லாம் பண்ணுவேனுங்க. போன் தள்ளுவேன், கதவு தொறப்பேன், பல்லு வெளக்குவேன். காலால தண்ணி குடுக்க முடியுங்களா?"

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வாசலில் செருப்பு விடும்போதே வீட்டுக்காரர் 'வாங்க' என்று சொல்லித் தண்ணீர்ச் சொம்பை நீட்ட வேண்டும். வந்த காரியம், சண்டையே ஆனாலும், அதற்குப் பிறகுதான்.

நான் தலையாட்டினேன். படிவத்தைப் பிரித்தேன். 'உபகரணம் கோரும் நோக்கம்' என்ற இடத்தில், விருந்தினருக்குத் தண்ணீர் கொடுக்க என்று எந்தக் காலத்தில் யார் எழுதியிருக்கிறார்கள்? 'உணவு உண்ண' என்று எழுதினேன். அப்படி எழுதினால்தான் கோப்பு நகரும். ஏழு இணைப்புகள், ஒவ்வொன்றிலும் சான்றொப்பம், பதிவு அஞ்சல், ஒப்புகை அட்டை. என் பணிக்காலத்தில் இவ்வளவு குறையற்ற மனு ஒன்று என் மேசைக்கு வந்ததில்லை.

முப்பது நாள் ஆயிற்று. அறுபது நாள் ஆயிற்று. நினைவூட்டு ஒன்று அனுப்பினேன்.

நினைவூட்டின் நகலைக் கொடுக்கப் போனபோது கூடத்து மேசையில் ஓர் அட்டைப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே கறுப்புத் தகடுகள், கைக்கடிகாரத் திருகுகள் போன்ற திருகுகள், நெல்லிக்காய் அளவு மோட்டார்கள் ஆறு, ஒரு சின்ன எலக்ட்ரானிக் போர்டு, ஒயர்கள். ரோபோ கை செய்யும் கிட். பொழுதுபோக்குக்காக வீட்டிலேயே பூட்டிப் பார்க்கிற சாமான். போனைக் கால்விரலால் தள்ளிக்கொண்டிருந்தவர், இப்படி ஒரு கை சதுரங்கக் காய் நகர்த்துவதைப் பார்த்துவிட்டு வரவழைத்திருக்கிறார்.

நான் பெட்டியின் ஓரத்தில் இருந்ததைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கல்வி நோக்கத்துக்கு மட்டும். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல.

"நாங்களும் படிக்கத்தானுங்க போறோம்," என்றார் ஓட்டுநர்.

அடுத்த சில வாரங்கள் அந்த வீட்டில் நான் பார்த்தது எந்தத் துறையின் நடைமுறையிலும் இல்லாதது. லாரி ஒயரிங் முழுக்க அவர் தலைக்குள் இருந்தது. தொடக் கை இல்லை. மனைவிக்கு, அறுந்த இழையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிச்சுப் போடும் விரல்கள்; ஆனால் ஒயரிங் தெரியாது. அவர் சொல்வார், இவர் செய்வார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு வாய்ச்சண்டை, அது மட்டும் ஓயாது.

"புள்ள, அந்த ரெண்டாவது நட்டு இன்னும் அரைச் சுத்து."

"சுத்தியாச்சுங்க மாமா."

"சுத்தல. சத்தத்துலயே தெரியுது."

"அப்ப அந்தச் சத்தத்தையே வந்து முடுக்கச் சொல்லுங்க."

எனக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் கிட்டோடு வந்த செய்முறைத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது; அதுவும் ஆங்கிலம் தெரியாத ஒருவர் கோபத்தில் எழுதிய ஆங்கிலம். படித்துச் சொல்லக் கேட்டார்கள். மறுக்க மனம் வரவில்லை, உட்கார்ந்தேன். கடன் வாங்கிய லேப்டாப்பில் அந்த அம்மாள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டிய, கையை இயக்கும் ஆணைகளில், மூடாத அடைப்புக்குறி ஒன்றை நான் கண்டுபிடித்தேன். அரசாணைகளில் மெய்ப்புப் பார்த்த கண் அது. அந்தக் கையில் என் பங்களிப்பு அந்த ஓர் அடைப்புக்குறிதான். இதை இன்றைக்கும் யாரிடமும் சொல்லத் தவறுவதில்லை.

முதல் கிட் தோற்றது. காலி டம்ளரைத் தூக்கவே மோட்டார்கள் நடுங்கின. உலோகப் பல்சக்கரம் வைத்த பெரிய மோட்டார்களோடு இன்னொன்று வந்தது. அது தூக்கியது; ஆனால் பாதி வழியில் உதறிக்கொண்டு முதல் நிலைக்கே திரும்பியது. ஒவ்வொரு முறையும் அப்படித்தான். 'நான் அப்போதே சொன்னேன்' என்ற வாக்கியத்தை நான் தயாராக வைத்திருந்தேன். ஓட்டுநர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அந்த மோட்டார்களின் சத்தத்தைக் கேட்டார்.

"சார், லாரியக் கெளப்ப செல்ஃப் அடிக்கையில பாட்டு நின்னு போயி, மறுக்கா முதல்லயிருந்து பாடுமல்லங்க? அதேதானுங்க இது. மோட்டாரெல்லாம் ஒரே நேரத்துல கரண்ட்ட இழுக்குது, மூளைக்கி, அதாங்க அந்தச் சின்ன போர்டுக்கு, பத்தல. மூளைக்கித் தனியா ஒரு லைன் குடுக்கோணும்."

தனி லைன் கொடுத்தார்கள். உதறல் நின்றது.

அந்தக் கையை இயக்க அவர் செய்த ஏற்பாடுதான் என்னை முதன்முதலில் குனிந்து பார்க்க வைத்தது. பழைய இரும்புக் கடையிலிருந்து மூன்று லாரிப் பெடல்களை எடுத்துவந்து ஒரு பலகையில் பூட்டினார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் அழைப்புமணி சுவிட்ச் ஒன்று. கிளட்சை மிதித்தால் அடுத்த மூட்டுக்குப் போகும்: அடித்தளம், தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் என்று வரிசையாக. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அந்த மூட்டு முன்னால் போகும். பிரேக்கை மிதித்தால் பின்னால் வரும். எந்த மூட்டில் இருக்கிறோம் என்று தெரிய விளக்கு வைக்கலாமே என்று யோசனை சொன்னேன்.

"கியர் எதுல இருக்குன்னு குனிஞ்சு பாத்தா வண்டி ஓட்டுவாங்க சார்?" என்றார்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. டம்ளர் தடிமனானது, பிடிபட்டது. கரண்டியின் காம்பு மெல்லியது. அந்த இரும்பு விரல்களுக்குள் நிற்காமல் சுழன்று, சோற்றை மடியில் கொட்டியது. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிப் பார்த்தார்கள், அப்போதும் நிற்கவில்லை. ஓட்டுநர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பழகியது டம்ளரைத்தான். காலை மாலை, மேசையில் சுண்ணாம்புக் கட்டியால் போட்ட வட்டத்தில் டம்ளரை வைத்து, எடுத்து, நீட்டி, திரும்ப வைத்து. நீட்டிய இடத்தில் ஆளுக்குப் பதிலாக ஒரு காலி நாற்காலி இருக்கும்.

கார்த்திகையில் ஒருநாள் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. மறுநாள் காலை கள ஆய்வுக்கு வருகிறார்களாம். என் மனு உயிரோடு இருந்தது! உடனே ஓடிப்போய் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னேன்: "அந்த மெஷின் அவங்க கண்ணுல படவே கூடாது. பார்த்தாங்கன்னா 'மனுதாரர் ஏற்கெனவே உபகரணம் வைத்துள்ளார்'னு ஒரு வரி எழுதுவாங்க. ஒரே வரி. கோப்பு முடிஞ்சது. அப்புறம் எந்தத் திட்டத்திலயும் எதுவும் கிடைக்காது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. முடியாதவராகவே இருங்க."

கடைசி வாக்கியத்தை நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை. ஓட்டுநர் மேசையிலிருந்த சுண்ணாம்பு வட்டத்தைப் பார்த்தபடி சொன்னார். "சரிங்க சார். நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

மறுநாள் காலை மேசையைச் சுவரோரமாகத் தள்ளி, லாரிப் படுதாத் துண்டு ஒன்றைப் போட்டு மூடியிருந்தார்கள். பெடல் பலகை மேசைக்கு அடியில். ஏதோ மூட்டை என்று நினைக்கும்படி இருந்தது. எனக்குத் திருப்தி.

ஆய்வுக்கு வந்தவர் முப்பது வயதுப் பெண். ஸ்கூட்டரில் வெகுதூரம் வந்திருக்கிறார். ஹெல்மெட்டைக் கழற்றியபோது நெற்றியில் புழுதிக்கோடு. நாற்காலியில் உட்கார்ந்து கோப்பைப் பிரித்தார். என் ஏழு இணைப்புகளையும் புரட்டினார். மனைவி வழக்கப்படி தண்ணீர் எடுக்க எழுந்தார்.

"புள்ள, நில்லு," என்றார் ஓட்டுநர். "படுதாவ எடு."

நான் தொண்டையைச் செருமினேன். கண்ணால் சாடை காட்டினேன். மேலதிகாரி முன்னால் உளறும் எழுத்தர்களை அடக்க எனக்குப் பயன்பட்ட சாடை அது, தவறியதே இல்லை. அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கோங்க சார். ஊட்டுக்கு வந்திருக்காங்க."

மனைவி ஒரு கணம் என்னையும் அவரையும் பார்த்தார். பிறகு படுதாவை இழுத்துவிட்டு, மேசையையும் பெடல் பலகையையும் வந்தவரின் நாற்காலிக்கு முன்னால் நகர்த்தினார். பானையிலிருந்து முக்கால் டம்ளர் தண்ணீர் மொண்டு, சுண்ணாம்பு வட்டத்தில் வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

ஓட்டுநர் மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். இரண்டு பாதங்களையும் பெடல் பலகைமேல் வைத்தார். இடது கால் கிளட்சில்.

கறுப்புக் கை விழித்ததுபோல ஒரு சிறு முனகல் கேட்டது. அடித்தளம் திரும்பியது. தோள் தாழ்ந்தது, முழங்கை நீண்டது, விரல்கள் விரிந்து டம்ளரின் இரண்டு பக்கமும் வந்து நின்றன. கிளட்ச். விரல் மூடியது; எவர்சில்வரில் அது தொட்ட சத்தம் எனக்குக் கேட்டது. கிளட்ச். டம்ளர் மேசையை விட்டு எழுந்தது. ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை, ஒரு சாண். தண்ணீர் விளிம்புவரை வந்து வந்து திரும்பியது. பிரேக்கை அவர் மிதிக்கவில்லை, தடவினார். இறக்கத்தில் பாரவண்டியை இறக்குகிறவர்கள் அப்படித்தான் தடவுவார்கள். மேசைக்கு மேலே அவர் தோள்கள் அசையவே இல்லை. அடியில் இரண்டு பாதங்களும் ஓயாமல் வேலை செய்தன. கை மெல்லத் திரும்பி, மேசையைக் கடந்து, கோப்பின் மேல் இரண்டு சொட்டைச் சிந்திவிட்டு, அந்தப் பெண்ணின் முன்னால் வந்து நின்றது.

ஓட்டுநர் கையைப் பார்க்கவில்லை. வந்தவரின் முகத்தைப் பார்த்தார்.

"வாங்க. தண்ணி குடிங்க."

அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டார். அவரை யாரும் எழச் சொல்லவில்லை. இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்தார். இரும்பு விரல்கள் விட்டன. அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்து முடித்து, காலி டம்ளரை வட்டத்துக்குள் சரியாக வைத்தார்.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. எனக்கு மயிர்க்கூச்செடுத்திருந்தது. ராக்கெட் கிளம்புவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். 'நல்ல முயற்சி' என்று சொல்லிவிட்டுச் சானல் மாற்றியவன் நான். இந்தக் கையோ, பொம்மைப் பெட்டியிலிருந்து வந்து, அழைப்புமணி சுவிட்சில் ஓடி, ஒரு மனிதரை அவர் வீட்டுக்கே மறுபடி வீட்டுக்காரர் ஆக்கியிருந்தது.

"சாருக்கும் ஊத்து புள்ள," என்றார்.

அந்த வீட்டுக்கு நான் ஐம்பது தடவையாவது போயிருப்பேன். ஐம்பது தடவையும் தண்ணீர் குடித்திருக்கிறேன். கொடுத்தது யார் என்று ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை. அன்று நானும் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினேன்.

அந்தப் பெண் கோப்பைத் துடைத்துவிட்டுக் கேட்டார்: "நோக்கம் 'உணவு உண்ண'ன்னு போட்டிருக்கீங்களே?"

"அது சார் எழுதுனதுங்க," என்றார் ஓட்டுநர் கூச்சமில்லாமல்.

"நீங்க யாருங்க?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார். எனக்குச் சொல்லிக்கொள்ளப் பதவி எதுவும் நினைவுக்கு வரவில்லை. "ரெண்டு தெரு தள்ளி," என்றேன்.

"நான் பார்த்ததத்தான் எழுத முடியும்," என்று சொல்லிவிட்டுக் குறிப்பு எழுதினார். எதிரில் இருப்பவர் எழுதுவதைத் தலைகீழாகப் படிப்பது அலுவலகம் எனக்குக் கற்றுக்கொடுத்த வித்தை. 'மனுதாரர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்' என்று எழுதியிருந்தது. ஒரே வரி. கோப்பு முடிந்தது என்று எண்ணிக்கொண்டேன். வியப்பாக, வருத்தமே வரவில்லை.

அதன் பிறகு, யார் வந்தாலும் ஓட்டுநர் உள் அறைக்குப் போவதில்லை. பொங்கலுக்கு வந்த மைத்துனர் குடும்பம் ஆளுக்கு மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனதாம். "வயிறு ஊதிப் போயிருச்சுங்க அவிங்களுக்கு," என்றார் மனைவி. நான் மட்டும் பழக்கதோஷத்தில் இரண்டாம், மூன்றாம் நினைவூட்டுகளை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இந்த ஆண்டு ஆடியில் பதில் வந்தது, ஒரு சிறு பொட்டலத்தோடு. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். போனதும், முதலில் தண்ணீர். பிறகு கறுப்புக் கை கடித உறையைப் பிடித்து எனக்கு நீட்டியது. வாசித்தேன். பார்வையில் கண்ட மனு, ஏழு இணைப்புகள், கள ஆய்வு அறிக்கை எல்லாம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டு, உணவு உண்ண உதவும் உபகரணமாக மனுதாரருக்குக் கீழ்க்கண்டது வழங்கப்படுகிறது: தடித்த கைப்பிடி கொண்ட கரண்டி, ஒன்று.

இரண்டு கையும் இல்லாதவருக்கு, நன்றாகப் பிடித்துக்கொள்ள வசதியாக.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. மேல்முறையீட்டின் முதல் பத்தி மனத்துக்குள் தயாராகிவிட்டது. ஓட்டுநரோ சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "நல்லாக் கேட்டீங்க சார், நல்லாக் குடுத்தாங்க!" மனைவியும் சிரித்தபடியே முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, பொட்டலத்தைப் பிரித்தார். கரண்டியின் காம்பில் விளக்குமாற்றுப் பிடி தடிமனுக்கு ரப்பர் உறை.

திடீரென்று மனைவியின் சிரிப்பு நின்றது. கரண்டியைப் பார்த்தார். இரும்பு விரல்களைப் பார்த்தார்.

"மாமா. கொஞ்சம் விரலத் தொறங்க."

விரல்கள் திறந்தன. கரண்டியை இடையில் வைத்தார். மூடின. ஆட்டிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். சுழலவில்லை, நழுவவில்லை. அந்தக் கைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்திருந்தது.

ஒரு கிண்ணத்தில் தயிர்ச் சோறு வந்தது. கிளட்ச், ஆக்ஸிலேட்டர், கிளட்ச். கரண்டி இறங்கி, அள்ளி, எழுந்தது. அவர் வாய்க்கு நேராக வந்தது. பிறகு பிரேக். கை அவரை விட்டு விலகி, மேசையைச் சுற்றி, மனைவி நின்ற பக்கம் திரும்பியது.

"இது நீங்க திங்கறதுக்குங்க," என்றார் அவர்.

"ஆறு வருசமா நீதான ஊட்டுற. வாயத் தொற புள்ள."

மேல்முறையீட்டை நான் எழுதவில்லை. யார் வீட்டில் யார் தண்ணீர் கொடுத்தாலும் இப்போதெல்லாம் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்குகிறேன். படிவத்தில் இடமில்லாத ஒன்றைத்தான் ஒரு மனிதர் கேட்டுக்கொண்டிருப்பார் என்பதை அந்த வீட்டில்தான் படித்தேன். முப்பது நாளில் வந்திருக்க வேண்டிய அந்தப் பதில் பெறப்பட்ட நாளை மட்டும், பழைய வழக்கப்படி, நாட்குறிப்பில் எழுதி அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்: ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள், ஆடி பதினேழு.